அடுத்தவர் மூச்சில் மிச்சம் பிடிக்கும் காசு

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட். ஜனவரி மாதத்து இரவு. எனக்குத் தெரிந்த எரிவாயுத் தொழில்நுட்பர் ஒருவர் ஃபர்னஸ் அறைக் கதவைச் சாத்திவிட்டு, சுடுதண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொட்டிக்கு மேலே, புகைக்குழாய் தொடங்குகிற இடத்தில், சின்னத் தகரக் குடை ஒன்று இருக்கும். தொட்டியில் நெருப்பு எரியும்போது அந்தக் குடையின் விளிம்பில் பிடித்த ஊதுபத்தியின் புகை உள்ளே இழுபட்டு, புகைபோக்கி வழியாக மேலேறி, கூரைக்கு வெளியே போக வேண்டும். முதலில் அப்படித்தான் போனது. பிறகு பக்கத்தில் நின்ற ஃபர்னஸின் விசிறி உறுமிக்கொண்டு சுழலத் தொடங்கியது. புகை தயங்கி நின்றது. அடுத்த கணம் குடையிலிருந்து வெளியே வளைந்து எங்கள் முகத்துக்கே வந்தது. தொழில்நுட்பரின் மறு கையில் இருந்த, நச்சுவாயு அளக்கும் கருவியில் எண் ஏறத் தொடங்கியது. அவர் ஒன்றும் பேசாமல் குனிந்து தொட்டிக்குப் போகும் எரிவாயுவைத் திருகி மூடினார்.

அந்த அறைக் கதவுக்கு அப்பால், நாலடி தள்ளி, ஒரு கட்டில். அதில் படுக்கிறவர் படிக்க வந்த பிள்ளை. வயது இருபது இருக்கும். இரண்டு கிழமையாகக் காலையில் எழும்பும்போது தலையிடி, வயிற்றைப் பிரட்டல். வகுப்புக்குப் போனால் மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். இரவு வேலை முடிந்து வந்து படுத்தால் மறுபடி அதே தலையிடி. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கதையைக் கேட்ட உறவினர் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை. அதனால்தான் நாங்கள் அங்கே போனோம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முந்திய இலையுதிர் காலத்தில் வீட்டுக்காரர் புது ஃபர்னஸ் போட்டிருக்கிறார். புதுப் பெட்டி பெரியது. வீட்டுக் காற்றை அதற்குத் திரும்பக் கொண்டுவரும் பழைய தகரக் குழாய் சிறியது. விசிறி ஓடும்போதெல்லாம் அந்தக் குழாய் விசில் அடித்தது. சத்தம் என்று முறையிட்டபோது, ஃபர்னஸைப் பூட்டியவர் திரும்ப வந்து, ஃபர்னஸ் அறைக்குள்ளேயே அந்தக் குழாயின் விலாவில் ஒரு சதுரத் துளை வெட்டி அதற்கு ஒரு கிரில்லும் பொருத்திவிட்டுப் போயிருக்கிறார். தகரக் கத்தரியால் அரைமணி நேர வேலை. சத்தம் நின்றது. எல்லாருக்கும் திருப்தி.

இதைக் கவனக்குறைவு என்று எழுத இந்த இதழ் மறுக்கிறது. கவனக்குறைவு என்பது தெரிந்த ஒன்றை மறந்துபோவது. இங்கே நடந்தது வேறு. நெருப்பு எரிகிற அறையிலிருந்து விசிறி காற்றை இழுத்தால் என்ன ஆகும் என்று தெரியாத ஒருவர், தெரிந்தவர் போலக் காசு வாங்கியிருக்கிறார். தெரிந்தவரா என்று கேட்க வேண்டிய ஒருவர், மலிவு என்பதற்காகக் கேட்காமல் விட்டிருக்கிறார். இரண்டு பேருமாகச் சேர்ந்து மூன்றாவது ஒருவருடைய உயிரைப் பந்தயம் வைத்திருக்கிறார்கள். அந்த மூன்றாமவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இது குற்றம். சட்டத்தின் கணக்கில் அது என்ன குற்றம், எவ்வளவு தண்டம் என்பதை உரியவர்கள் பார்க்கட்டும். மனிதர் கணக்கில் இதற்கு வேறு பெயர் கிடையாது.

ஃபர்னஸ் என்றதும் நெருப்புப் பெட்டி என்றே நினைக்கிறோம். அது பாதி நெருப்பு, பாதி விசிறி. வீட்டு ஃபர்னஸ் ஒன்றின் விசிறி நிமிடத்துக்கு 1,000 கன அடிக்கு மேல் காற்றைத் தள்ளக்கூடியது. தள்ளுகிற அத்தனையையும் அது எங்கிருந்தாவது இழுத்தாக வேண்டும். வீடு முழுவதிலுமிருந்து அளவாக இழுத்துவரத்தான் ‘ரிட்டேர்ன்’ என்று சொல்லும் குழாய்கள். எட்டடிக்கு எட்டடி ஃபர்னஸ் அறையில் மொத்தமே 450 கன அடி காற்றுத்தான் இருக்கும். அந்த அறைக்குள் துளை வெட்டினால் விசிறி அங்கிருந்தே உறிஞ்சுகிறது. அறையின் அழுத்தம் இறங்குகிறது. சுடுதண்ணீர்த் தொட்டியின் புகையை மேலே தூக்குவதற்கு எந்த இயந்திரமும் இல்லை. சூடான புகை தானாக மேலெழும், அவ்வளவுதான். அந்த எழுச்சியின் பலம் சில பாஸ்கல்கள் மட்டுமே. 5 பாஸ்கல் என்றால் அரை மில்லிமீற்றர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம். ஒரு மழைத்துளி தரையில் பரவி நிற்கும் உயரம்கூட இல்லை. அதைத் தோற்கடிக்க ஒரு சதுரத் துளை தாராளம். புகை கீழே திரும்புகிறது. திரும்பி வந்த புகையையே நெருப்பு மறுபடி உள்ளிழுக்கிறது. ஒட்சிசன் குறைந்த நெருப்பு இன்னும் மோசமாக எரிந்து காபன் மொனொக்சைட்டைக் கக்குகிறது. அதை அதே துளை உறிஞ்சி, அதே குழாய்கள் வழியாக, வீட்டின் ஒவ்வோர் அறைக்கும் வெதுவெதுப்பாகப் பரிமாறுகிறது.

இதனால்தான் ஃபர்னஸ் அறையிலிருந்தும், கராஜிலிருந்தும், குளியலறையிலிருந்தும் ரிட்டேர்ன் எடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. முதல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

‘கேஸ் என்றால் மணம் வருமே’ என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறார்கள். குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்கும் தன்னளவில் மணம் இல்லை. கசிந்தால் தெரியட்டும் என்று மேர்கப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். எரிந்த பின் உண்டாகும் காபன் மொனொக்சைட்டில் அந்த நாற்றம் இல்லை, நிறம் இல்லை, கண் எரிவதும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின், ஒட்சிசனைவிட இதை 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலையிடி, பிறகு குமட்டல், பிறகு அசதி. நித்திரையில் இருப்பவருக்கு அந்த மூன்றும் தெரியாமலே போய்விடும்.

ஊரில் விறகடுப்பு ஊதி வளர்ந்தவர்கள் நாம். ‘அந்தப் புகையிலேயே ஒன்றும் ஆகவில்லை’ என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவரை மதித்தே மறுக்கிறேன். அம்மாவின் குசினிக்குத் தட்டிச் சுவர். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. புகை அதிகமானால் கண் எரிந்து, இருமி, முற்றத்துக்கு ஓடுவோம். (அந்தப் புகையும் நம் தாய்மாரின் நெஞ்சைத் தின்றது என்பது வேறு துயரம்.) இங்கே குளிருக்குப் பயந்து வீட்டின் ஒவ்வொரு கீறலையும் அடைத்து வைத்திருக்கிறோம். பேஸ்மென்ட்டில் ஜன்னலை மூடி அதன்மேல் பிளாஸ்டிக் தாளும் ஒட்டிவிடுகிறோம். ஓடிவரச் சொல்லும் கண்ணெரிவும் இல்லை, ஓடிவர முற்றமும் இல்லை.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில் லோரி ஹோக்கின்ஸ் என்ற பொலிஸ் அதிகாரியும் அவருடைய கணவரும் இரண்டு பிள்ளைகளும் தங்கள் சொந்த வீட்டில் இப்படித்தான் இறந்தார்கள். எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கவில்லை. லோரியின் மாமா, ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்தக் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய சட்டம் 2013இல் நிறைவேறியது. அதன்படி படுக்கையறைகளுக்கு அருகே அலாரம் கட்டாயமானது. 2026 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும். நான் போன அந்த வீட்டில் அலாரம் ஒன்று இருந்தது: மேல் மாடியில், வீட்டுக்காரர் படுக்கும் அறைக்கு வெளியே. கீழே, பிள்ளை படுக்கிற இடத்தில், எதுவும் இல்லை. யாருடைய மூச்சு விலையுள்ளது என்று அந்த வீடு ஏற்கெனவே தீர்மானித்திருந்தது போல அது எனக்குப் பட்டது.

அலாரம் மாட்டிவிட்டால் குழாய் எப்படிப் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு அலாரங்களின் தரவிதிப்படி, காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு காபன் மொனொக்சைட் இருக்கும்போது அவை ஒரு மணி நேரத்துக்கும் நான்கு மணி நேரத்துக்கும் இடையில்தான் ஒலிக்க வேண்டும். 400 பங்கு என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள். 70 பங்குக்கும் குறைந்த அளவில், நாள்தோறும் தலையிடி தந்துகொண்டே இருக்கும் அளவில், அலாரம் பேசாமல் இருக்கலாம். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் இருதய நோயாளிக்கும் அந்த அளவே தீங்கு செய்யும். அலாரம் கட்டாயம் வேண்டும்; கெட்ட வேலைக்கு அது அனுமதிச் சீட்டு ஆகிவிடாது.

ஸ்காபரோவின் பழைய வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நாம் வாங்கியதும் வாடகைக்கு விடுவதும் பெரும்பாலும் அவற்றைத்தான். 1950களிலும் 60களிலும் கட்டிய செங்கல் பங்களாக்கள். நடுவே ஒரு செங்கல் புகைபோக்கி. அந்தக் காலத்தில் பழைய ஃபர்னஸும் சுடுதண்ணீர்த் தொட்டியும் இரண்டும் சேர்ந்து அந்த ஒரே புகைபோக்கிக்குள் புகைவிட்டன. ஃபர்னஸின் சூடு புகைபோக்கியை வெதுவெதுப்பாக வைத்திருந்தது. அதன் தயவில் தொட்டியின் மெல்லிய புகையும் மேலேறியது. இன்று கனடாவில் விற்கும் எரிவாயு ஃபர்னஸ்கள் எரிபொருளின் சூட்டை ஏறக்குறைய முழுவதும் பிழிந்தெடுப்பவை. அவற்றின் புகை அவ்வளவு குளிர்ந்தது. பிளாஸ்டிக் குழாயில் பக்கச் சுவர் வழியாக வெளியே போகும். நல்லதுதான். ஆனால் பழைய புகைபோக்கியில் தொட்டி இப்போது தனியே விடப்பட்டுவிட்டது. இரண்டு பேருக்காகக் கட்டிய பெரிய, குளிர்ந்த செங்கல் குழிக்குள் அதன் சிறு புகை ஏறத் திணறுகிறது. நடுவழியில் குளிர்ந்து நீராகி உட்சுவரை அரிக்கிறது. தொழிலில் இதை ‘அநாதையான தொட்டி’ என்று சொல்கிறார்கள். புகைபோக்கிக்குள் அளவான உலோக உறை இறக்க வேண்டும், அல்லது தொட்டியையே மாற்ற வேண்டும். புது ஃபர்னஸ் விற்றவர் இதைச் சொன்னாரா? உங்கள் வீட்டு விலைச்சீட்டில் அந்த வரி இருந்ததா? மலிவுக் கணக்கில் முதலில் வெட்டப்படுவது இந்த வரிதான்.

அதே பங்களாக்களில் இன்னொன்று. அங்கே ரிட்டேர்ன் குழாய் பல இடங்களில் குழாயே இல்லை. மேல்தளத்தைத் தாங்கும் இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவே அடியில் ஒரு தகரத்தை ஆணியடித்து, அந்த இடைவெளியையே குழாயாக விட்டிருப்பார்கள். அறுபது வருடம் மரம் சுருங்கி விரிந்ததில் ஓரமெல்லாம் இடுக்கு. துளை எதுவும் வெட்டாமலே அந்த இடுக்குகள் பேஸ்மென்ட்டுக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். வேலை தெரிந்தவர் ஃபர்னஸைத் தொடும் முன் கைவிளக்கோடு அந்தச் சட்டங்களின் அடியில் நடந்து பார்ப்பார். நான் சொன்ன தொழில்நுட்பர் பார்த்தார். விரல் நுழையும் இடுக்குகளில் வரிசையாக ஊதுபத்தியைப் பிடித்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் புகை உள்ளே ஓடியது.

அந்த இடுக்குகளில் சிலவற்றை யாரோ முன்பு அடைக்க முயன்றிருக்கிறார்கள். சாம்பல் நிறத் துணி டேப். காய்ந்து, சுருண்டு, பாம்புச் சட்டைபோலத் தொங்கியது. ‘டக்ட் டேப்’ என்று பெயர் வைத்துக்கொண்டு டக்ட்டில் ஒட்டக் கூடாத பொருள் அது. கலிபோர்னியாவின் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் மக்ஸ் ஷெர்மனும் இயன் வோக்கரும் குழாய் அடைக்கும் பொருள்களைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றிச் சோதித்து 1998இல் முடிவை வெளியிட்டார்கள். ரப்பர் பசை தடவிய அந்தத் துணி டேப்தான் தோற்றது. பொருத்தின் மேல் பிரஷ்ஷால் தடவும் மாஸ்டிக் என்ற கெட்டிப் பசையோ, அதற்கென்று தரச் சான்று பெற்ற உலோகத்தாள் டேப்போதான் நிற்கும். பசை தடவ நேரம் எடுக்கும், கை அழுக்காகும். நல்ல வேலைக்காரரின் உடுப்பில் அந்தச் சாம்பல் பசை காய்ந்திருப்பதைக் காணலாம். அப்படியானவரை நான் மதிக்கிறேன்.

அளவு பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘பெரிய ஃபர்னஸ் போட்டால் வீடு கெதியாகச் சூடாகும்’ என்பது நம் வீடுகளில் நிலைத்துவிட்ட நம்பிக்கை. வெளியே தள்ளும் சூடு மணிக்கு 80,000 பிடியு (சூட்டை அளக்கும் அலகு) உள்ள ஃபர்னஸை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றின் வெப்பம் 50 பாகை பாரன்ஹைட்டுக்கு மேல் ஏறாமல் அந்தச் சூட்டை எடுத்துச் செல்ல நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,480 கன அடி காற்று வேண்டும். 6 அங்குல வட்டக் குழாய் ஒன்று ஒழுங்காகச் சுமப்பது 100 கன அடியளவு. பழைய பங்களாவில் அப்படி எத்தனை குழாய் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். காற்றுப் போதாதபோது சூடு வெளியேற வழியின்றி, நெருப்பையும் வீட்டுக் காற்றையும் பிரித்து வைத்திருக்கும் உலோகச் சுவரிலேயே தங்குகிறது. பாதுகாப்புச் சுவிட்ச் அடிக்கடி நெருப்பை அணைக்கும், மறுபடி எரியும், மறுபடி அணையும். சூடேறிக் குளிர்ந்து, சூடேறிக் குளிர்ந்து, நாலைந்து குளிர்காலத்தில் அந்தச் சுவர் வெடிக்கலாம். வெடித்தால் நெருப்புக்கும் நம் மூச்சுக்கும் நடுவே ஒன்றும் இல்லை. இதைத் தடுக்கத்தான் வீட்டின் வெப்ப இழப்பை அறை அறையாகக் கணக்கிடும் முறை கனடாவில் தரவிதியாகவே இருக்கிறது. பூட்டி முடித்த பிறகும் வேலை இருக்கிறது: குழாயில் சிறு துளையிட்டுக் காற்றின் அழுத்தத்தை அளப்பது, உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும் வெளியே வரும் காற்றின் வெப்பத்தையும் அளந்து, ஃபர்னஸ் கதவின் உட்புறத் தகட்டில் எழுதியிருக்கும் வரம்போடு ஒப்பிடுவது. கால்மணி நேரம் பிடிக்கும். உங்கள் ஃபர்னஸைப் பூட்டியவர் அந்தக் கால்மணி நேரம் நின்றாரா என்று கேளுங்கள். அழுத்தம் எத்தனை அங்குலத் தண்ணீர், வெப்பம் எத்தனை பாகை என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒன்ராறியோவில் எரிவாயு வேலைக்கு டி.எஸ்.எஸ்.ஏ. எனப்படும் தொழில்நுட்பப் பாதுகாப்பு ஆணையம் ஜி1, ஜி2, ஜி3 என்று சான்றிதழ் தருகிறது. ஜி3 உள்ளவர் மேற்பார்வையின் கீழ்தான் வேலை செய்யலாம். தகரக் குழாய் வேலையும் இங்கே கட்டாயச் சான்று வேண்டிய தொழில். இவையெல்லாம் நம்மவர்களுக்குத் தெரியாதவை அல்ல. நன்றாகப் படித்து, பரீட்சை எழுதி, நேர்மையாக வேலை செய்யும் தமிழ்த் தொழில்நுட்பர்கள் இந்த நகரில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் தரும் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, ‘அவர் கூடச் சொல்லுறார்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். பிறகு இன்னொருவரைப் பிடிக்கிறோம்: ‘அண்ணை, பெர்மிட் கிர்மிட் எண்டு போனா கிழமைக்கணக்கில இழுபடும். காசாத் தாங்கோ, சனிக்கிழமை வந்து முடிச்சுத் தாறன்.’ அந்தச் சனிக்கிழமைத் தம்பிக்கும் குடும்பம் இருக்கிறது, தெரியும். அகதியாக வந்து கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டவராக இருக்கலாம். அவருக்காக மனம் இரங்குகிறேன். ஆனாலும் சொல்கிறேன்: தெரியாத வேலையைத் தெரிந்ததாகச் சொல்லி நெருப்பருகே கை வைப்பதற்கு வறுமை நியாயமாகாது. அவரைவிடப் பெரிய குற்றவாளி ஒருவர் இருக்கிறார். சான்றிதழ் வைத்திருந்தும், வேலை நடந்த வீட்டை எட்டியும் பாராமல், தன் எண்ணை இன்னொருவரின் தாளில் எழுத இரவல் கொடுக்கிறவர். அவருக்கு எல்லாம் தெரியும். அந்தத் துளை என்ன செய்யும் என்று தெரியும். தெரிந்துகொண்டே கையெழுத்தை விற்கிறார். இவருக்காக இரங்க என்னிடம் எதுவும் இல்லை.

வீட்டுக்காரருக்கு வருகிறேன். அன்றிரவு அவர் உண்மையிலேயே நடுங்கிப் போனார். ‘எனக்கு இதெல்லாம் தெரியாது அண்ணை, அவர் சொன்னார், நான் காசு குடுத்தன்’ என்றார். பொய் சொல்லவில்லை. மோட்கேஜ் வட்டி ஏறிய பிறகு இரண்டு வேலை செய்து அந்த வீட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். பேஸ்மென்ட் வாடகை இல்லாவிட்டால் வீடு போய்விடும். இந்த நெருக்கடி நம் பாதி வீடுகளில் இருக்கிறது, கையை விரித்து மறுக்க முடியாது. ஆனால் தெரியாது என்பது வேறு, தெரிந்துகொள்ளாமல் விட்டது வேறு. பிள்ளையிடம் மாத வாடகை வாங்குகிறபோதே அந்தப் பிள்ளையின் காற்றுக்கும் அவர் பொறுப்பேற்றுவிட்டார். ஒரே ஃபர்னஸ் மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் காற்று கொடுக்கும் பழைய வீடுகளைப் பிரித்து வாடகைக்கு விடும்போது, குழாய்க்குள் புகை உணரி வைத்து, புகை வந்தால் ஃபர்னஸ் தானாக நிற்கும்படி செய்ய வேண்டும் என்று ஒன்ராறியோவின் கட்டட விதி எதிர்பார்க்கிறது. கீழே அடுப்பில் தீப்பிடித்தால் அந்தப் புகை குழாய் வழியாக மேலே போகும். மேலே பிடித்தால் கீழே வரும். தன் பிள்ளைகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள் என்பதைக்கூட அவர் யோசிக்கவில்லை. பெர்மிட்டைத் தவிர்த்து அவர் மிச்சம் பிடித்த காசு அவருடையதல்ல. கீழே படுத்திருந்தவரின் மூச்சிலிருந்து எடுத்த காசு அது.

அவர் அதை ஏற்றுக்கொண்டார் என்பதையும் எழுத வேண்டும். மறுநாளே துளையைத் தகரத்தால் மூடி மாஸ்டிக் பூசினார்கள். நடைக்கூடத்திலிருந்து அளவான புது ரிட்டேர்ன் இறங்கியது. சட்டங்களுக்கிடையிலான இடுக்குகள் அடைபட்டன. புகைபோக்கிக்குள் உலோக உறை இறங்கியது. நெருப்புக்கு வேண்டிய காற்று வரும் திறப்பைக் குளிருக்குப் பயந்து யாரோ பழந்துணியால் அடைத்திருந்தார்கள். அதுவும் வெளியே வந்தது. மூன்று நாள் அந்தப் பிள்ளை மேல் வீட்டு வரவேற்பறையில் படுத்தார். வீட்டுக்கார அம்மாதான் அப்படி நிற்கச் சொன்னார், மூன்று வேளையும் சோறு போட்டார்.

பேஸ்மென்ட்டில் இருப்பவர்களுக்கு: காலையில் தலையிடி, வெளியே போனால் சுகம் என்றால் அதைக் குளிரின் மேல் போடாதீர்கள். அலாரம் ஒலித்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளே இருக்க வேண்டாம். எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து 911ஐ அழையுங்கள். வாடகை குறைவு என்பதற்காக அலாரம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அது சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டியது. வீட்டுக்காரர் முகம் சுளித்தால் நகரத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து பார்ப்பார்கள்.

கடைசியாக, இந்த இதழின் பங்கு. அந்த வீட்டுக்காரர் ஃபர்னஸ் போட்டவரின் தொலைபேசி எண்ணை எங்கே எடுத்தார் என்று கேட்டேன். நம் சமூகப் பத்திரிகை ஒன்றின் விளம்பரத்தில் என்றார். அது இந்த இதழ் அல்ல. ஆனால் இதுவாகவும் இருந்திருக்கலாம். வெப்பமூட்டும் வேலை என்று விளம்பரம் கொண்டுவந்தவர்களிடம் பதிவு எண்ணை நாம் ஒருநாளும் கேட்டதில்லை. படம் தெளிவாக இருக்கிறதா, காசோலை வந்துவிட்டதா என்பதை மட்டும் பார்த்தோம். குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு. அதற்காக வாசகரிடம் மன்னிப்புக் கேட்கிறோம். இந்த இதழிலிருந்து, டி.எஸ்.எஸ்.ஏ. பதிவு எண்ணைத் தந்து, அதை நாங்கள் சரிபார்த்த பிறகே எரிவாயு, ஃபர்னஸ், சுடுதண்ணீர்த் தொட்டி விளம்பரங்கள் வெளியாகும். எண்ணும் விளம்பரத்திலேயே அச்சாகும். வழக்கமாக விளம்பரம் தரும் நான்கு பேருக்குக் கடிதம் எழுதினோம். இரண்டு பேர் அன்றே எண்ணை அனுப்பிவிட்டார்கள். மற்ற இருவருக்கு ஒதுக்கிய கட்டங்கள் 14ஆம் பக்கத்தில் வெறுமையாக இருக்கின்றன.